யாரு வீட்டுல யானை?

எங்கள் தெருவில் வளர்ந்த யாருடைய பழைய ஆல்பத்தைப் புரட்டினாலும் ஒரே மாதிரி ஒரு படம் இருக்கும். ஸ்டூடியோ நாற்காலியில் ஒரு பிள்ளை, காதுவரைக்கும் வாய். எல்லாம் எங்கள் ஸ்டூடியோக்காரர் எடுத்தது. என் சாவிக்கடைக்கு எதிர்க்கடை என்பதால் அவர் வண்டவாளம் முழுக்க எனக்கு அத்துப்படி. விட்டுப்போனதை என் மனைவி சொல்லிவிடுவாள்.

அவருடைய தொழில் ரகசியம் ரொம்பச் சின்னது. அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் குழந்தைகளுக்கு ஒரு நிகழ்ச்சி வரும். நடத்துகிறவருக்கு ‘ஞாயிறு மாமா’ என்றே பேர். வந்ததும் காதில் கையை வைத்து, “யாரு வீட்டுல யானை?” என்பார். டிவி முன்னால் இருக்கிற வாண்டுகள் எல்லாம், “எங்க வீட்டுல யானை!” என்று கத்தும். அந்த நேரத்தில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு யானைதான். சோறு போடத்தான் ஆள் இல்லை.

ஸ்டூடியோக்காரர் அதே குரலில் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்பார். பிள்ளை பதில் சொல்லும்போது ‘யா’ என்று வரும் பாருங்கள், அங்கே வாய் தானாகத் திறக்கும். டக்கென்று அமுக்குவார். ‘னை’க்குப் போய்விட்டால் மூஞ்சி சுருங்கிவிடும், படம் வீண். என் மகள் படத்தில் முன்பல் இரண்டும் கிடையாது. அந்த ஓட்டை வழியாக யானையே போய்வரலாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஈரத்தலையோடு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலைகள் நினைவுக்கு வரும்.

போன வருஷம் அதே ஞாயிறு மாமாவைப் போலீஸ் பிடித்தது. குழந்தைகளைச் சீரழித்து எடுத்த படங்கள் அவர் கம்ப்யூட்டரில் இருந்தன. அவரே கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். வயதாகிவிட்டது, நாலு நல்ல காரியம் செய்தவர் என்று சொல்லி, நீதிபதி சிறைத் தண்டனையை நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதிலிருந்து டிவியைத் திறந்தால் அதே சண்டை. டீக்கடையிலும் அதே. பேர் நாறிப்போனதே பெரிய தண்டனை என்றார் மளிகைக்காரர். நாமாக இருந்தால் இந்நேரம் கம்பி எண்ணிக்கொண்டிருப்போம் என்றார் பஸ் டிரைவர். டெய்லர் டீயை ஊதிக்கொண்டே, “அந்த ஆளு யாரையும் தொடலையேப்பா, படம்தானே பார்த்தாரு?” என்றார்.

ஸ்டூடியோக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார்.

“படம் என்ன, தானா முளைக்குதா டெய்லரே? ஒருத்தன் எடுக்கணும். எடுக்கும்போது எதிர்ல ஒரு குழந்தை இருந்துச்சு. நிஜக் குழந்தை. இவரை மாதிரி ஆளுங்க கேக்குறதாலதான் அவன் எடுக்குறான். உள்ளதான் போடணும்.”

டெய்லர் மிச்ச டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஒத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு பேசிய மனிதர் அடுத்த வாரமே மாட்டிக்கொண்டார். தெருக்கோடி வீட்டுப் பெண் தன் பையனை ஸ்கூலில் சேர்க்கப் படம் எடுக்கக் கூட்டி வந்தாள். அவளும் சின்ன வயதில் அதே நாற்காலியில் யானைக்குப் பதில் சொன்னவள்தான். பையன் உம்மென்று உட்கார்ந்திருந்தான். ஸ்டூடியோக்காரர் விளக்கைத் திருப்பினார், குனிந்தார். பழகின நாக்கு கேட்குமா? “யாரு வீட்டுல...” என்று அச்சு அசல் அதே குரல் வந்துவிட்டது. பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் அவள் பிள்ளையைத் தூக்கிவிட்டாள்.

“வேணாண்ணே. அந்தக் குரல் எம்புள்ள காதுல விழ வேணாம்.”

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, என் மனைவியிடம் மட்டும்தான் சொன்னேன். பிள்ளைகளோடு வந்த அம்மாக்கள் அடுத்த தெரு ஸ்டூடியோவுக்குத் திரும்பினார்கள். இவர் கேமராவுக்கு உறை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் என் கடைக்கு வந்து, “உன் மக அந்தப் படத்தைக் கிழிச்சுட்டாளா?” என்று கேட்டார். பிள்ளைகளை நம்பி விடக்கூடாத ஆளாகத் தன்னை நினைத்துவிட்டார்களோ என்பதுதான் அவரை அரித்தது.

மகளுக்குப் போன் போட்டேன்.

“கிழிக்கலப்பா. ஆனா சுவத்துலேருந்து எடுத்துட்டேன். சிரிப்பு என்னுதுதான். பார்த்தா அந்தாளு குரல் கேக்குது” என்றாள்.

அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

கடைசியில் அவர் சம்சாரம்தான் கிளம்பினார். தெருவுக்கே அவர் அண்ணி. அந்தப் பெண் வீட்டு வாசலில் நின்றபடியே பேசினார் என்று என் மனைவி சொன்னாள். “அவரு தப்பா நினைச்சுச் சொல்லலம்மா, வாய்ப்பழக்கம். இனிமே யாரையும் சிரிக்க வைக்க மாட்டாரு. நீ கூடவே நில்லு. படம் மட்டும் எடுக்கட்டும்.”

ரெண்டு நாள் யோசித்துவிட்டு அவள் வந்தாள். பையன் நாற்காலியில் ஏறினான். அம்மாவைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான். ஸ்டூடியோக்காரர் யானைப் பேச்சே எடுக்கவில்லை. “எடுக்கட்டுமா?” என்று மட்டும் அவனிடம் கேட்டார். அவன் யோசித்து, “ம்” என்றான். எடுத்தார்.

பல்லும் இல்லை, சிரிப்பும் இல்லை. புருவத்தை நெரித்து, உதட்டை இறுக்கி, உலகத்தையே விசாரிக்கிற மூஞ்சி. அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

“இதாண்ணே எம்புள்ள. வீட்டுலயும் இப்படித்தான் இருப்பான்” என்றாள். இன்னொரு பிரதியும் கேட்டாள்.

எதிர்க்கடையிலிருந்து வந்து நின்ற நான் எட்டிப் பார்த்து, “அந்தக் கேஸை இந்த ஜட்ஜுகிட்ட விட்டிருந்தா ஆளு இந்நேரம் உள்ள இருந்திருப்பான்” என்றேன். அவள் சிரித்தாள், அண்ணியும் சிரித்தார். ஸ்டூடியோக்காரர் சிரிக்கவில்லை. வாசலில் இன்னொரு அம்மா பிள்ளையோடு தயங்கி நின்றுகொண்டிருந்தாள். இவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, அந்த அம்மாவுக்கும் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.