நோட்டீஸ் வீட்டுக்குத்தான் போகும்

போன வாரம் திண்டிவனம் கோர்ட் வராந்தாவில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். கேஸ் என்னுடையது இல்லை. என் நண்பன் சேகர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்திருக்கிறான். அதாவது, 'கடனைக் கட்ட என்னிடம் ஒன்றும் இல்லை, நான் திவால்' என்று மனு.

மரக்காணத்தில் குத்தகைக்கு உப்பளம் நடத்தியவன். போன டிசம்பரில் கடல் உள்ளே வந்து பாத்திகளைச் சேறாக்கிவிட்டுப் போனது. இப்போது டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் எழுந்துவிடுகிறான். திவால் என்ன ஒட்டுவாரொட்டியா?

ஆனால் என் கோபம் வேறு.

எங்கள் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வாரக் கூலியில் கொஞ்சத்தை வாங்காமல் முதலாளியிடமே விட்டுவைப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் அது பிராந்திக் கடைக்குப் போய்விடும். பேங்கில் போடலாமே என்கிறீர்களா? பாஸ்புக்கை எங்கே ஒளிப்பது? அதனால் ரசீது கிடையாது... வாய்வார்த்தைதான்.

முதலாளி திவாலானால்? அந்தப் பெண்களும் அவனுக்குக் கடன் கொடுத்தவர்கள்!

மனு போட்டபோதே சேகரின் வக்கீல் சொன்னார்: "கடன் குடுத்தவங்க பேரு, வீட்டுக்காரர் பேரு, விலாசம்... எல்லாம் திங்கக்கிழமைக்குள்ள தாக்கல் ஆவணும். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நோட்டீஸ் போவும்."

"ரகசியமா அனுப்ப முடியாதா?" என்றேன்.

"கோர்ட்டு என்னா சார், கல்யாணத் தரகரா?"

"பேரை விட்டுட்டா?"

"அப்புறம் அவங்களே வந்து நிரூபிக்கணும். எதை வெச்சி? உப்பை வெச்சா?"

ஞாயிற்றுக்கிழமை சேகரும் நானும் அந்தப் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தோம். "வேணாம் மொதலாளி, போனது போவட்டும். வூட்ல தெரிஞ்சா கொன்னுடுவாரு" என்றார்கள். கடைசியாகக் கன்னியம்மா. மகளை நர்சிங் சேர்க்கச் சேர்த்துவைத்தவள். உள்ளே அவள் புருஷன் ஏழுமலை தூங்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"எழுதுங்க."

"ஏம்மா, உன் வீட்டுக்காரர்?"

"தெரிஞ்சா பேச மாட்டாரு. இப்ப மட்டும் என்னா பேசறாரு?"

நோட்டீஸ் போனது. ஏழுமலை அன்றைக்குப் பார்த்தா வீட்டில் இருக்க வேண்டும்? கொண்டுவந்தவர் வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். தெருவே கேட்டது. ஏழுமலை அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

அதோடு முடிந்ததா? ஊரில் ஒவ்வொரு புருஷனும் தன் பெண்டாட்டியிடம், "நீயும் இப்படி வெச்சிருக்கியா?" என்று ஆரம்பித்துவிட்டான். அந்தக் கோபமெல்லாம் யார்மேல்? கன்னியம்மாமேல். இப்போது வேலைக்குப் போகிற வேறொரு உப்பளத்தில் அவளுடைய கூடையைத் தூக்கித் தலையில் வைக்கக்கூட ஆள் வருவதில்லை. பாதிக் கூடையாக அள்ளி, தானே தூக்கிக்கொள்கிறாள்.

தேதி தவறினால் எதுவும் கிடைக்காது என்று மிரட்டுகிற சட்டம், நோட்டீஸை ஒரு கவரில் போட்டு அவள் கையில் மட்டும் கொடு என்று சொல்லக் கூடாதா? என்ன கேடு வந்துவிடும்?

போன வாரம் அந்தக் கோர்ட் வராந்தாவில் அவளும் நானும் சேகரும்தான். டவாலி கத்தினார்: "ஏழுமலை பொண்டாட்டி கன்னியம்மா!"

உள்ளே போனாள். நானும் பின்னால் நின்றேன்.

"வீட்டுக்காரர் வரலியா?" என்றார் கிளார்க்.

"இல்லீங்க. துட்டு என்னுது."

பதிந்துகொண்டார்கள். கையில் எப்போது வரும், எவ்வளவு வரும்? யாருக்கும் தெரியாது. வாய்தா.

திரும்புகிற பஸ்ஸில் கேட்டேன்: "இனிமே கூலியை யாருகிட்ட குடுத்து வெப்ப?"

கன்னியம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்:

"வூட்லயேதான் சார். ஒளிக்கறதுக்கு அங்க யாரு இருக்கா?"