மலை சுற்றிய கவிதாவும் நான் போட்ட எமோஜியும்

பெரிய செய்தி மக்களே, என் தோழி கவிதா நாளைக்கு மனநல டாக்டரைப் பார்க்கப் போகிறாள், அவள் அம்மாவே கூட்டிப் போகிறார்!!!

இரண்டு மாதமாக, பௌர்ணமி இல்லாத நாளிலும் தினமும் மலை சுற்றினாள். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவாள். பேச்சும் குறைந்துவிட்டது. விரதம், மௌனம் என்று தெருவே மெச்சியது. நானும் அவள் போட்டோவைக் கைகூப்பும் எமோஜியோடு ஸ்டேட்டஸ் வைத்தேன்.

ஆனால் எங்கள் ஹீரோவின் பட டிரெய்லர் வந்து மூன்று நாளாகியும் அவள் பார்க்கவில்லை. வந்த நிமிஷமே பார்க்கிற கவிதாவா? எனக்குத் திக்கென்றது.

இன்று காலை நானும் கூடவே நடந்தேன். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை டீக்கடையில் கேட்டேன்.

"ஏய், நைட்ல தூங்குறியாடி?"

அழுதுவிட்டாள்.

"பக்தியெல்லாம் இல்லடி. வீட்ல உக்காந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. நடந்தா கொஞ்சம் கம்மியாவுது. எல்லாரும் கும்புடுறாங்க, எப்டிடி சொல்றது?"

நேராக அவள் அம்மாவிடம் போனோம். மனநல டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

"அவளுக்கு பக்தி ஜாஸ்திம்மா, அவ்ளோதான்" என்றார் அம்மா.

"இல்லம்மா, பயம்தான் ஜாஸ்தி" என்றாள் கவிதா.

அம்மா அவளுடைய வெடித்த பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "டாக்டரு காலைல எத்தினி மணிக்கு வருவாரு?"

இதை எழுதச் சொன்னதே கவிதாதான். டிரெய்லரையும் பார்த்துவிட்டு "சுமார்தான்" என்றாள். அதற்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.

உங்கள் தெருவே மெச்சுகிற பிள்ளையிடம் இன்று "தூங்குனியா?" என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று கமெண்டில் சொல்லுங்கள். எமோஜி மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.