அலைக்கு ஊதிய சங்கு

தம்பியும் நானும் சண்டை போடாமல் ஒரு நத்தார்ப் பண்டிகையும் கழிந்ததில்லை. கடைசியாக வந்த சண்டை எந்தத் தண்ணீர்ப் பூங்கா நல்லது என்பதில். அவன் வளைகுடாப் பக்கம் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு வந்தவன். அங்கே லீவு நாளில் கூட்டாளிகளோடு ஒரு பூங்காவுக்குப் போனானாம். அதில் ஏழு மாடி உயரத்துக்கு ஒரு சறுக்கு இருந்ததாம். உச்சியில் நின்று கீழே பார்த்தால் ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிவார்களாம்.

"எறும்பு பாக்கவா அவ்வளவு உயரம் ஏறுன?" என்று கேட்டேன்.

அவன் முகம் தொங்கிவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி நடத்தி அது இன்னும் நீண்டுபோயிற்று.

நான் மட்டும் பார்க்காதவளா? வேளாங்கண்ணிக்குப் போன வருடம் சென்னையில் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். நான் குளித்தேனா, குளிக்கிறவர்களை இடித்துக்கொண்டு நின்றேனா என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு மூலையில் மேலே குழாய் போட்டு மழை பெய்ய விட்டு, பாட்டுப் போட்டு ஆட விட்டார்கள். எல்லாரும் ஓடிப்போய் நனைந்தார்கள். நான் போகவில்லை. வருடமெல்லாம் மழை பெய்யும் பொகவந்தலாவையில் பிறந்தவளை மழையில் நனைய டிக்கெட் எடுக்கச் சொன்னால் எப்படி? பழக்கதோஷத்தில் ஒதுங்க இடம் தேடினேன்.

எனக்கு ஒரு பூங்கா பிடிக்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் சில்லென்று இருக்கக்கூடாது. இதைச் சொன்னால் கொழும்புக்காரர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் சுகம். எங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் தினசரித் தண்டனை. நாங்கள் குடியிருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கீழே பீலி இருந்தது. மலையிலிருந்து வரும் தண்ணீரை ஓர் இரும்புக் குழாய் வழியாகக் கொட்ட விட்டிருப்பார்கள், அதுதான் பீலி. இரண்டு லயத்து ஆட்களுக்கும் அது ஒன்றுதான். முதல் வாளித் தண்ணீர் தலையில் விழும்போது மூச்சு நின்று திரும்பும். பல் கிட்டும். அதனால்தான் எங்கள் ஊரில் யாரும் குளிக்கும்போது பாடியதில்லை என்று நினைக்கிறேன்.

தண்ணீர் வெதுவெதுப்பாகவும் இருக்கும் என்பதே எனக்கு ஒன்பது வயதில் பொல்பிட்டியவில்தான் தெரிந்தது. அங்கே சித்தி வீடு. மின்சார நிலையத்துக்குக் கொஞ்சம் கீழே, பாறைகளுக்கு நடுவே ஆறு விரிந்து ஓடும். நான் காலை வைத்துவிட்டு, "அம்மா, யாரோ சுடுதண்ணி ஊத்திட்டாங்க!" என்று கத்தினேன். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு நாங்கள் வெகுநேரம் தண்ணீரை விட்டு ஏறவே இல்லை. வழுவழுப்பான பாறையில் உட்கார்ந்து சறுக்கி விழுவதும் ஏறி வந்து மறுபடி சறுக்குவதுமாக இருந்தோம். அம்மாவும் பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தாள். அவள் கண்ணை மூடிச் சும்மா இருந்ததை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன்.

அம்மாவின் அந்தச் சுகம் கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. மேலே மின்சார நிலையத்தில் சங்கு ஊதிவிட்டது. அந்தச் சங்கு ஊதினால் தண்ணீர் திறந்துவிடப் போகிறார்கள், ஆற்றில் நிற்கிறவர்கள் உடனே கரையேற வேண்டும் என்று சித்தி முதலிலேயே சொல்லியிருந்தாள். அம்மா ஒரு கையில் என்னையும் மறு கையில் தம்பியையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். பிறகு ஆறு நுரைத்துக்கொண்டு வந்ததைக் கரையில் நின்று பார்த்தோம். தம்பி, சறுக்கிச் சறுக்கிக் களிசானின் பின்பக்கத்தில் பாதியைப் பாறையில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

இன்னொரு சங்கும் உண்டு. அது எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரிச் சங்கு. காலையில் ஊதினால் பெரட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஆட்கள் வரிசையாக நிற்க, யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று கங்காணி பிரித்துவிடுவார். பகலில் ஊதினால் சாப்பாடு. மறுபடி ஊதினால் சாப்பிட்டது போதும், கிளம்பு. அம்மா அந்தப் பகல் இடைவெளியில்தான் குளிப்பாள். வேலை விட்டு வரும் பின்நேரம் பீலியில் வாளிகள் வரிசையாக நீளமாக நிற்கும், பனியும் இறங்கிவிடும். பகலில் மட்டும் வாளி நிற்காதா? நிற்கும், கொஞ்சம் குறைவாக. "அக்கா, முடிஞ்சிச்சா?" என்று பின்னால் ஒரு குரல் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் அம்மா தலைக்குச் சவர்க்காரம் போட்ட நேரத்தில் சங்கு ஊதிவிட்டது. அவள் நுரையோடு கூந்தலை முடிந்துகொண்டு, கொழுந்து எடுக்கையில் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மலைக்கு ஓடினாள். பின்நேரம் திரும்பி வந்தபோது தலை காய்ந்து பசை பிடித்துக் கிடந்தது. நான் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அவள் குனிந்தபடியே, "ஒரு நாளைக்காச்சும் அவசரமில்லாம ஆச தீரக் குளிக்கணும் புள்ள" என்றாள்.

வேறு எதையும் அம்மா ஆசை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நகை, சேலை, சொந்த வீடு என்று எதுவுமில்லை. குளிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அப்போது பத்து வயது. என்றைக்காவது இதை நடத்திக் காட்டுவேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். பத்து வயதில் நான் நிறையச் சத்தியம் செய்தேன். மறக்காமல் இருந்தது இது ஒன்றுதான்.

நான் கொட்டகலைப் பக்கம் ஆசிரியையாகி, கையில் சம்பளம் புழங்கத் தொடங்கியபோது இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டிவிட்டது. கொழும்புக்குப் போகிற வழியில் ஒரு தண்ணீர்ப் பூங்கா இருப்பதாகக் கொழும்பில் கடையொன்றில் நின்ற தம்பி தகவல் சொன்னான். எங்கள் தோட்டத்து மாதா கோயில் பெண்கள் வருடத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துக் கடலோரக் கோயிலுக்குப் போவார்கள். திரும்பும் வழியில் பூங்காவுக்குள் ஒரு பகல் என்று நான் சேர்த்துவிட்டேன். எதிர்ப்புக்குக் குறைவில்லை. "சாமி கும்புட்டுட்டு வர்றப்ப இதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்றார்கள். பாவம் கழுவிய கையோடு உடம்பையும் கழுவினால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களால் பிறகு மறுக்க முடியாது.

சேலையும் பாவாடையும் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்க விடமாட்டார்கள் என்று தம்பி எச்சரித்திருந்தான். பள்ளிக்கூட அதிபரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மாணவர் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்குத் தைத்த பச்சை இல்லத்து டீ-ஷர்ட்டுகளையும் கறுப்புக் களிசான்களையும் மூட்டை கட்டி எடுத்துப்போனேன். கொழுந்து எடுக்கிற முப்பது பெண்கள் வாழ்நாளில் முதல் தடவையாகக் களிசான் போட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசலில் நின்ற பையன் எந்த ஊர் அணி என்று சிங்களத்தில் கேட்டான். அம்மா நெஞ்சை நிமிர்த்தி, "பொகவந்தலாவ" என்றாள்.

அந்தப் பூங்காவின் சறுக்கு ஒன்றும் பிரமாதமில்லை. மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் உரப்பையில் உட்கார்ந்து புல்சரிவில் சறுக்கியவளுக்கு அது மந்தமாகவே இருந்தது. எங்கள் சரிவின் முடிவில் அழுக்குத் தண்ணீர் ஓடும் கான் இருந்தது, கானுக்குள் விழாமல் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே விழுந்தாலும் நீலத் தண்ணீர். பயமில்லாத சறுக்கில் என்ன ருசி? தம்பிக்கு மட்டும் அதுவே போதுமாக இருந்தது. ஏறுவதும் இறங்குவதுமாய் ஆளைக் கண்ணில் காணவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் நோவு. சறுக்கு அவளுக்குச் சரிப்படாது. நான் அவளைப் பெரிய குளத்துக்குக் கூட்டிப்போனேன். கடல்மாதிரி ஒரு பக்கம் ஆழமில்லாமல் தொடங்கி, போகப்போக ஆழமாகும் குளம். தண்ணீர் வெயிலில் காய்ந்து இதமாக இருந்தது. அம்மா இடுப்புவரை போனாள், மெதுவாக உட்கார்ந்தாள், கழுத்துவரை முங்கினாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாதித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது சங்கு ஊதியது.

அம்மா துள்ளி எழுந்தாள். "தண்ணி தொறந்துட்டாங்க! ஏறுங்க, ஏறுங்க!" என்று ஒரே கத்தல். முப்பது பெண்களும் அலறிப் புடைத்துக்கொண்டு கரையேறினார்கள். அம்மா போகிற வழியில் யார் பெற்ற பிள்ளைகளோ இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். அந்தப் பிள்ளைகளின் தாய் பின்னாலேயே ஓடிவந்தாள். இதில் வேடிக்கை என்னவென்றால், பூங்காவில் இருந்த மற்ற எல்லாரும் எங்களுக்கு எதிர்த்திசையில், குளத்துக்குள், ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெண்கள் கரையில் பச்சை டீ-ஷர்ட்டோடு, யாரும் சொல்லாமலே, பெரட்டுக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், உயரப்படி நின்றிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

குளத்தில் அலை எழுந்தது. உள்ளே நின்றவர்கள் கூச்சல் போட்டுக் குதித்தார்கள். எங்கள் ஆட்கள், இந்தக் கொழும்புச் சனத்துக்குப் புத்தி கெட்டுப்போய்விட்டது என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அலை அடங்கியது. எனக்கும் விஷயம் விளங்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். படித்தவள் நானும் அந்த வரிசையில்தான் நின்றேன்.

மறுபடி இறங்கினோம். அரை மணி நேரத்தில் மறுபடி சங்கு, மறுபடி ஓட்டம், மறுபடி வரிசை. எங்களோடு வந்திருந்த கணக்கு சேர் அப்போதுதான் மனைவியோடு அந்தப் பக்கம் வந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன டீச்சர், எல்லாரும் வெளியில வந்து நிக்கிறியள்?"

"சங்கு ஊதுறாங்களே சேர்."

"ஐயோ, அது அலை வரப்போகுது, உள்ளுக்கை வாங்கோ எண்டு கூப்பிடுற சங்கெல்லோ!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. சங்கு என்றால் எழுந்து ஓட வேண்டும் என்று இந்தப் பெண்களின் காலுக்குப் பழக்கிவிட்டவர்கள்மேலா, இதைக்கூட விசாரிக்காமல் கூட்டிவந்த என்மேலா? அழுகையாக வந்தது. அம்மாவுக்கு ஒரு பகல் வாங்கித் தந்தேன், அதிலும் இரண்டு முறை அவளை எழுப்பி ஓட விட்டுவிட்டேன்.

மற்றப் பெண்கள் சேர் சொன்னதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அந்தச் சங்கு எந்திரிக்கச் சொல்லி இல்லியா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இல்லம்மா. இருக்கச் சொல்லித்தான்."

அவள் தண்ணீருக்குள் போனாள். மூன்றாவது சங்கு ஊதியபோது அவள் தோள் ஒருமுறை திடுக்கிட்டது. எழும்பப் போகிறாள் என்று நினைத்தேன். எழும்பவில்லை. அலை வந்து முகத்தில் அறைந்தது, கொண்டை அவிழ்ந்தது, அம்மா காணாமல் போய் மூன்று அடி தள்ளி முளைத்தாள். மூக்கில் தண்ணீர் ஏறி இருமினாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பை நான் எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை. அதைக் கேட்டு மற்றவர்களும் விழுந்தடித்து இறங்கினார்கள்.

இப்போது சொல்லுங்கள், ஏழு மாடிச் சறுக்கு எந்த மூலைக்கு?

பின்நேரம் பெண்கள் உடை மாற்றிப் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். கினிகத்தேனை மலை ஏற்றத்தில் பனி மூடுமுன் போய்விட வேண்டும் என்று டிரைவர் ஹோர்ன் அடித்தார். பூங்கா மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அம்மா மட்டும் குளத்தில் இருந்தாள். தம்பி வந்து, "அக்கா, கூப்புடு" என்றான். கூப்பிட என்னால் முடியவில்லை. ஆனால் அம்மா ஹோர்ன் சத்தத்தைக் கேட்டுவிட்டாள். தானாகவே எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கரைக்கு வந்தாள். விரல்கள் எல்லாம் சுருங்கி வெளுத்திருந்தன.

"போதுமாம்மா?" என்று துவாயை நீட்டினேன்.

எப்போதும் அம்மா எதற்கும் போதும் என்றுதான் சொல்வாள். அன்றைக்குத் துவாயை வாங்காமல் கொஞ்சம் யோசித்தாள்.

"பத்தல" என்றாள்.

"அப்ப போம்மா. உள்ள போய் உக்காரு."

அவள் திரும்பி இறங்கினாள். டிரைவர் இன்னொரு முறை ஹோர்னை அழுத்தினார். நான் பஸ்ஸுக்குப் போனேன்.

"முப்பது பேருக்கு மேல காத்துக்கிட்டு இருக்காங்க டீச்சர்" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன். "எங்கம்மா குளிச்சுக்கிட்டு இருக்காங்க."