நாலு புள்ளி பதினொன்று

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோட்டில் நிற்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். அதில் நான் எழுதியதெல்லாம் லோடு போன ஊரும் இறக்கிய நேரமும்தான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இந்தக் கையெழுத்துக்கு வெட்கப்பட்டே இதை எட்டு மாதம் எழுதாமல் தள்ளினேன். அந்த எட்டு மாதமும் நான் சொன்ன பொய்யை ஒரு பெண் சுமந்தாள்.

மாமல்லபுரத்தில் கற்சிலை ஏற்றுவது என் வேலை. பூஞ்சேரிப் பக்கம் ஒரு பட்டறைதான் எனக்குப் பாதிச் சோறு போடுகிறது. அதை நடத்துகிற ஸ்தபதிக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. ஆனாலும் அவர் முன்னால் நான் உட்கார்ந்து பேசியதில்லை. "சிலைக்கு மூக்கு நான் வைக்கிறேன், அது உடையாம கொண்டுபோய்ச் சேக்கறது இவன்" என்று வருகிறவர்களிடம் சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் வாடகை அதிகம் கேட்டதில்லை.

பட்டறையில் கல்லின் உயரத்தைச் சாக்பீஸால் கல் மேலேயே எழுதுவார்கள். நாலடி எட்டு அங்குலம் என்றால் 4.8. நாலடி பதினொரு அங்குலம் என்றால் 4.11. அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவில் ஒரு புள்ளி. எங்கள் பக்கம் கொத்தனாரும் ஆசாரியும்கூட இப்படித்தான் எழுதுவார்கள். சிலையை நிற்கவைத்துக் கட்டலாமா, வைக்கோல் போட்டுப் படுக்கவைக்க வேண்டுமா என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். 4.8ஐவிட 4.11 மூன்று அங்குலம் உயரம். இதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

போன வருடம் பழைய வண்டி தளர்ந்துபோய், புதிதாக ஒரு பிக்கப் எடுக்கச் செங்கல்பட்டுக்குப் போனேன். ஜிஎஸ்டி சாலையில் கண்ணாடி போட்ட பெரிய ஷோரூம். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, "அப்படியே வாங்கண்ணா" என்றாள். ஊரப்பாக்கத்திலிருந்து தினம் ரயிலில் வந்து போகிறாளாம். தண்ணீர் கொடுத்தாள். எந்த ஊர், என்ன லோடு என்று கேட்டாள். கல் என்று சொன்னதும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

நான் எடுக்க நினைத்த வண்டி இரண்டு விதமாக வருகிறது என்றாள். பின் அச்சுக்கு நடுவில் உருண்டையாக ஒன்று இருக்குமே, அதற்குள் இருக்கும் பல் சக்கரங்களை நாங்கள் கிரவுன் என்போம். எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் என்பதை அதுதான் முடிவு செய்யும். அந்த எண் பெரிதாக இருந்தால் இழுவை. சிறிதாக இருந்தால் ஓட்டம், டீசலும் மிச்சம். இது பள்ளியில் படித்ததல்ல, டீக்கடையில் டிரைவர்கள் பேசிப் பேசி நான் தெரிந்துகொண்டது. அதுவரை எனக்கு வாய்த்த வண்டிகள் எல்லாம் எப்படி வந்ததோ அப்படியே ஓட்டியவை. தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை.

அந்தப் பெண் ஃபாரத்தை என் பக்கம் திருப்பினாள். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 4.11, இன்னொன்றில் 4.8.

எனக்கு ஒரே சந்தோஷம். இந்தக் கேள்விக்காவது பதில் தெரிகிறதே. "இது," என்று 4.11 மேல் விரலை வைத்தேன்.

"அண்ணா, கல்லு லோடுன்னு சொன்னீங்களே. அதுக்கு எட்டு இருக்கறதுதான் சரியா வரும்."

பக்கத்து சோபாவில் இரண்டு டிரைவர்கள் தங்கள் முறைக்காக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சிரித்தார். "இன்னா அண்ணாத்த, பாப்பா உனுக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்குது போலகீது!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "எனக்குத் தெரியும்மா. இருபது வருசமா ஸ்டேரிங் புடிச்சிகினு கீறேன்," என்றேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது எனக்கே புதிது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு நிமிஷம்ணா, கல்லுக்கு எட்டுதான். இத எப்படிப் பாக்கணும்னா..."

"எழுதும்மா. நாலு பாயிண்ட் பதினொண்ணு."

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குனிந்து ஏதோ எழுதி, கையெழுத்துப் போட இடம் காட்டினாள். மேலே எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. நாலு பேர் முன்னால் எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வெட்கம். கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

வண்டி வந்தது. காலியாக ஈசிஆரில் ஓட்டியபோது பறந்தது. திருக்கழுக்குன்றத்தில் பூசை போட்டு, மாலையோடே நான்கு நாள் ஓட்டினேன்.

ஆனி மாதம் முதல் கல் லோடு. கருங்குழிக்கு உள்ளே ஒரு கிராமத்துக் கோயிலுக்கு நந்தி. ஸ்தபதியும் கூட வந்தார். ஊருக்குள் போக ஏரிக்கரை மேல் ஏற வேண்டும். மண் பாதை, செங்குத்து. பழைய வண்டி முக்கி முனகி ஏறியிருக்கும். புது வண்டி பாதியில் நின்றது. முதல் கியரில் உதறியது. கிளட்ச் கருகும் நாற்றம் வந்தது. மெல்லப் பின்னால் நழுவ ஆரம்பித்தது. கை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்தபதியை இறங்கச் சொன்னேன். அவர் இறங்கிக் கல்லெடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

ஏரியில் நூறு நாள் வேலைப் பெண்கள் மண்வெட்டியோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னாம்மே, மால போட்ட வண்டி நவுர மாட்டேங்குது?"

"நந்திய எறக்கி வுடுங்கயா, அதுவே நடந்து பூடும்!"

"அடியே, நந்தி மேல வண்டிய ஏத்தச் சொல்லுடி, சீக்கிரம் பூடலாம்!"

ஸ்தபதியும் சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. கடைசியில் ஊர்க்காரர் ஒருவருடைய டிராக்டர் வந்து சங்கிலி போட்டு எங்களை இழுத்துச் சென்றது. நந்தி, வண்டி, நான் மூவரும் கட்டி இழுக்கப்பட்டுத்தான் ஊருக்குள் போனோம். நல்ல நேரம் தப்பிவிட்டது என்று பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ஸ்தபதி என்னை விடவில்லை. "வாயில்லாத ஆளுன்னு உன் தலைல எதையோ கட்டிட்டானுங்க. வா, நான் கேக்கறேன்" என்று ஷோரூமுக்கு வந்துவிட்டார். வாசலிலேயே அவர் குரல் ஏறிவிட்டது. "கல்லு ஏத்துற வண்டிக்கு யாருயா இத்தக் குடுத்தது?"

மேனேஜர் வெளியே வந்தார். அந்தப் பெண்ணும் கையில் ஃபைலோடு வந்து நின்றாள். வண்டி எண்ணைக் கணினியில் பார்த்துவிட்டு, "இது ஓட்டத்துக்கான ரேஷியோ ஆச்சே" என்றார் மேனேஜர். பிறகு என்னைக் கேட்டார். "இத நீங்க கேட்டீங்களா, இவங்க சொன்னாங்களா?"

பெரிய எண்ணைத்தானே கேட்டோம், இவர்கள்தான் எதையோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போது நான் நம்பியது உண்மை. ஆனால் அவர் கேட்டது அதையல்ல. யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஸ்தபதி என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அவங்கதான்," என்றேன்.

அவள் ஃபைலைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். ஸ்தபதியைப் பார்த்தாள். பிறகு ஃபைலை மூடிக்கொண்டு, "நான் இன்னும் சரியா கேட்டிருக்கணும் சார்" என்றாள். எங்கள் எதிரிலேயே மேனேஜர் அவளைத் திட்டினார். ஸ்தபதியும் தன் பங்குக்கு அவளை ஏசித் தீர்த்தார். நான் தரையில் போட்டிருந்த பளபளப்பான கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தவறு தங்களுடையது என்று சொல்லி அவர்களே கிரவுனை மாற்றிக் கொடுத்தார்கள். வண்டியை எடுக்கப் போனபோது ஃபிட்டர் காகிதத்தைக் காட்டினார். 4.11 கழற்றியது, 4.8 மாட்டியது. "பெரிய நம்பர் போட்டாச்சுண்ணா. இனிமே மலையே ஏறும்," என்றார். இவருக்கும் கணக்கு வராது போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வண்டி ஏறியது. அதே ஏரிக்கரையில், அதைவிடக் கனமான பலிபீடத்தோடு ஏறியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

என் மனைவி எங்கள் தெருமுனையில் காய்கறிக் கடை போட்டிருக்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் நான் பூசணிக்காய் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொன்றாக மின் தராசில் வைத்து, காயின் மேல் எடையை எழுதச் சொன்னாள். ஒரு காய்க்குத் தராசு 4.110 என்று காட்டியது. அடுத்ததற்கு 4.800. கடைசியில் வரும் சுழிகளை எழுத வேண்டாம் என்றாள். முதல் காயில் 4.11 என்று எழுதினேன். இரண்டாவதில் 4.8 என்று எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது.

"இதுல எது பெருசு?" என்று கேட்டேன்.

"இன்னாயா கேள்வி இது? நாலு கிலோ எண்ணூறு பெருசா, நாலு கிலோ நூத்திப் பத்து பெருசா? கையில தூக்கிகினு தானே கீற!"

தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆறு வருடமாக அந்தத் தராசு எங்கள் கடையில் இருக்கிறது.

வண்டியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்து, என்னிடமிருந்த ஃபாரத்தின் நகலை அன்றுதான் படித்தேன். என் கையெழுத்துக்கு மேலே நீல மையில் சின்ன எழுத்தில் இருந்தது. 'கல் லோடுக்கு 4.8 ஏற்றது என்று இருமுறை கூறப்பட்டது. வாடிக்கையாளர் விருப்பப்படி 4.11.' அவள் அன்றைக்குக் கையில் வைத்திருந்த ஃபைலிலும் இதேதான் இருந்திருக்கும். அதைத் திறந்து காட்டியிருந்தால் போதும். ஸ்தபதி எதிரில் என் ஐந்தாம் வகுப்பு வெளியே வந்திருக்கும். அவள் ஏன் மூடினாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை போனேன். ஆயில் மாற்ற என்று ஒரு சாக்கு, ஹாரன் சரியில்லை என்று ஒரு சாக்கு. அவளைக் கண்ணாடிக் கூடத்திலிருந்து எடுத்துப் பின்னால் சர்வீஸ் கவுண்டரில் போட்டிருந்தார்கள். எண்ணெய் நாற்றம், தகரக் கூரை. எனக்கு டோக்கன் எழுதிக் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"இப்ப நல்லா இழுக்குதாண்ணா?"

"இழுக்குதும்மா."

அவ்வளவுதான். மூன்று முறையும் அந்த ஒரு சொல்லோடு திரும்பி வந்தேன். கூச்ச சுபாவம் என்று என் மனைவி சொல்வாள். கூச்சம் இல்லை அது. பொய் சொல்லும்போது எங்கே போயிருந்தது அந்தக் கூச்சம்?

இந்த மாசி பிறந்ததும் நான்காவது முறையாகப் போனபோது கிரவுன் மாற்றிய ஃபிட்டர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். "பாவம்ணா அந்தப் பொண்ணு. திரும்பவும் முன்னாடி சேல்ஸுக்குக் கேட்டுச்சாம். ஒரு கஸ்டமர் கம்ப்ளெய்ண்ட் பேர்ல கீது, அது போனாத்தான்னு மேனேஜர் சொல்லிட்டாராம். கஸ்டமரே எழுதிக் குடுத்தாத்தான் அது போகும். எவன் வந்து எழுதிக் குடுப்பான்?" அந்தக் கஸ்டமர் நான்தான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

அன்று நேராகப் பட்டறைக்குப் போனேன். ஸ்தபதி ஒரு யாளியின் பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பூசணிக்காய் வரைக்கும். அவர் உளியைக் கீழே வைத்தார்.

"அடப்பாவி. நான் அந்தப் பொண்ண இன்னான்னா பேசினேன் தெரியுமாடா?" என்றார். அதுவரை அவர் என்னை டா போட்டதில்லை. பிறகு உளியை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பட்டறையிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை.

இரண்டு நாள் லோடு நோட்டில் எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் இன்று காலை எழுதியது இது:

'மேனேஜர் ஐயா அவர்களுக்கு. என் வண்டிக்கு 4.11 வேண்டும் என்று கேட்டது நான். அந்தப் பெண் 4.8 தான் சரி என்று இரண்டு முறை சொன்னார். எனக்குப் புள்ளி வைத்த கணக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு அவர் மேல் பொய் சொன்னேன். ஃபாரம் இதனுடன் வைத்திருக்கிறேன்.'

மனைவியிடம் கொடுத்தேன். அவள் வாய்விட்டுப் படித்தாள். 'வெட்கப்பட்டு' என்பதில் ஒரு எழுத்தைத் திருத்தினாள். கடையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?" என்றேன்.

"உன்ன நம்ப முடியாது. ஹாரன் சரி பண்ணிகினு வந்துடுவ," என்றாள். காகிதத்தைத் திருப்பி நீட்டினாள். "தேதி போடுயா. தேதி இல்லாத பேப்பர எவன் மதிப்பான்?"

ஸ்டியரிங் மேல் வைத்துப் போட்டேன்.

மாசி 9, வெள்ளிக்கிழமை.