லாபம், ரெண்டு, மூணு

எனக்கு எழுபத்திரண்டு வயது. நாலு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். அது போக, மயிலாப்பூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து, மூக்கைத் துடைத்து, ஷூ மாட்டி வளர்த்த பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை. இன்றைக்கும் வாண்டுகள் வாசலில் அம்மாவை விட்டுவிட்டு என் இடுப்பில் ஏறிக்கொள்ளும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த சமயம். எங்கள் டீச்சர் சின்ன வயதுக்காரி. கணக்கைப் பலகையில் போடமாட்டாள். வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போவாள். உதிர்ந்த பழத்தைப் பொறுக்கச் சொல்லி, இது தோல், இது காம்பு, இது கொட்டை என்று பேர் சொல்லிக்கொடுத்து, அப்புறம் எண்ணச் சொல்வாள்.

அன்று ஒரு குட்டிப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டாள். அது பத்து வரைக்கும் எண்ணிக் காட்டாவிட்டால், கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் யூகேஜிக்குப் போக, அதை மட்டும் எல்கேஜியிலேயே உட்கார வைத்துவிடுவார்கள்.

"எண்ணு கண்ணு."

"லாபம், ரெண்டு, மூணு..."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. டீச்சர் முகம் வாடிவிட்டது. "ஒண்ணு எங்கடி போச்சு?"

எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "டீச்சர், இவ அம்மா கொளத்தாண்ட வேர்க்கடல விக்கிது. ஆழாக்குல அளக்க சொல்ல, மொத அளவ லாபம்னுதான் சொல்லும்."

"ஓ! சரி, இங்க ஒண்ணுன்னு சொல்லும்மா."

"மாட்டேன். யாவாரம் படுத்துக்கும். எங்கம்மா ஒதைக்கும்."

"அவளுக்கு ஒண்ணு தெரியாது டீச்சர்!" என்றான் ஒருவன்.

"இன்னாடா, எனக்கா தெரியாது?"

டீச்சர் கெஞ்சினாள், மிட்டாய் தருவதாகச் சொன்னாள். அது அசையவில்லை. டீச்சர் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். கிளையில் ஒரு அணில் ஓடியது.

"நாம இந்தப் பழத்த விக்கப் போறதில்லடி. அதோ, அந்த அணிலுக்குச் சும்மா குடுக்கப் போறோம்."

"சும்மாவா? துட்டு வாங்க மாட்டீங்க?"

"ஒரு பைசா வாங்க மாட்டேன்."

குழந்தை அணிலை ஒரு பார்வை பார்த்தது. "அப்ப சரி. ஒண்ணு, ரெண்டு, மூணு..."

பத்தில் நிற்கவில்லை. தன் கைப்பழம் தீர்ந்ததும், கேலி செய்தவன் பழத்தைப் பிடுங்கி எண்ணியது. அவன் அழ, டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்க, ஒரே கூத்து. அதன் பையை யூகேஜி அறைக்கு நான்தான் தூக்கிப் போனேன்.

டேய் பேராண்டி, செல்போன கீழ வெச்சிட்டு, நான் சொல்லி நீ எழுதுனதப் படிச்சிக் காட்டு. அந்தக் கொழந்த எண்ணுற எடத்துல முழுங்காத, சத்தமா படி.