பூனைக்கு மருந்து வைத்த மருமகள்

கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது என்னைச் சட்டை செய்யாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மாமியார். இன்னொன்று அவர் வளர்த்த கடுவன் பூனை. வீட்டுக்குள் இருந்ததே மொத்தம் நாலு உயிர் என்பதால், இது என்னைப் பொறுத்தவரை சின்ன விஷயமில்லை.

சங்கராபுரத்திலிருந்து மலைப் பக்கம் போகிற சாலையில் இருந்தது அந்த ஊர். நான் எலவனாசூர்கோட்டைப் பெண். மாமியார் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனால் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். கூப்பிடுவதும் ‘இந்தா’தான். இந்தா, அடுப்ப பாரு. இந்தா, மாடு கத்துது. அதே தெருவில் வேறொரு மாமியார் தன் மருமகளை ‘கண்ணு’ என்று கூப்பிடுவார். அது காதில் விழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பூனை அவருக்கு மேல். சாம்பல் நிறம், அகல மூஞ்சி, சண்டையில் கிழிந்த ஒரு காது. பரண் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கீழே நாங்கள் வாடகைக்கு இருப்பது போலப் பார்க்கும். மீன் நறுக்கும்போது மட்டும் மாமியாரின் காலைச் சுற்றும். மீன் தலையை வாங்கிக்கொண்டு போய்விடும். தொட விடாது.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம் அது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் நின்றுபோனது. போலீஸ் ஊருக்குள் வந்து ஆண்களைப் பிடித்துப் போக ஆரம்பித்ததும், என் வீட்டுக்காரரும் இன்னும் சிலரும் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார்கள். மேலே சாமை போடுகிற ஒரு குடும்பம் அவருக்குப் பழக்கம். அவர் போன பிறகு மாமியாரும் நானும் பூனையும்தான். அந்த நாட்களில் ஊரில் எது நடந்தாலும் மறியல்தான் காரணம். பால் திரிந்தாலும் அதுதான், கோழி முட்டை போடாவிட்டாலும் அதுதான்.

ஒருநாள் காலை கூடத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பூனை அடுப்படியைத் தாண்டி மெதுவாக நடந்து வந்தது. என்னை ஒரு தரம் பார்த்தது. பிறகு என் மடியில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது. தொண்டைக்குள் கர்ரென்று சத்தம் வேறு. நான் முறத்தை நகர்த்திவிட்டு அசையாமல் இருந்தேன். சொன்னால் சிரிப்பார்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வீட்டில் ஒரு ஜீவனாவது என்னைச் சேர்த்துக்கொண்டதே என்று இருந்தது.

அன்றிலிருந்து அது என்னை விட்டு நகரவில்லை. நான் உட்கார்ந்தால் மடி, படுத்தால் வயிற்றோரம். பரண் பக்கமே போகவில்லை. எப்போதும் நக்கி நக்கிப் பளபளப்பாக வைத்திருக்கும் முடி ஒட்டிப்போய்க் கிடந்தது. கருவாட்டுத் தலையை வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இவ்வளவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதிலும் இருந்தது. பஸ் இல்லாததால் நல்ல மீன் வரவில்லை, அதனால் சாப்பிடவில்லை. என் மடி இருக்கும்போது பரண் எதற்கு?

மாமியாரிடம் வேறு பதில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ‘மருந்து வைப்பது’ என்று ஒரு பேச்சு உண்டு. ஒருவரை மயக்கித் தன் பக்கம் இழுக்கச் சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுப்பது. அந்தப் பழி பெரும்பாலும் வீட்டுக்கு வந்த மருமகள் மேல்தான் விழும். உள்ளே போன மருந்தை எடுப்பதற்கென்றே சில ஊர்களில் ஆட்கள் இருந்தார்கள்.

“இந்தா, அதுக்கு இன்னா போட்ட?” என்றார் மாமியார்.

“ஒண்ணும் போடல அத்தே. அதுவா வந்து ஒக்காந்துக்குது.”

“இத்தினி வருசமா என் மடியில ஒக்காராதது, நேத்து வந்த உன் மடியில ஒக்காருதா? என் புள்ளைக்கு வச்சது பத்தாதுன்னு வாயில்லா ஜீவனுக்கும் வச்சிட்டியா?”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “ஆமா, வச்சேன். உங்களுக்குத்தான் வைக்க மறந்துட்டேன்” என்றேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்று முதல் அவர் நான் சமைத்ததைத் தொடவில்லை. தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்தார். “மலையிலேருந்து அவன் எறங்கட்டும். உன்ன உங்கம்மா வூட்ல கொண்டுபோய் வுட சொல்றன்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் அம்மா பேச்சைத் தட்டாதவர். அவர் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த நான், வந்தால் என் கதி என்ன என்றும் பயந்துகொண்டிருந்தேன். மடியில் பூனை அடுப்புக் கல் போலச் சுட்டது. அதையும் பாசத்தின் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன்.

மருந்து எடுக்கிற ஆளிடம் போகப் பஸ் இல்லை. ஆகவே மாமியார் தானே எடுத்துவிடுவதென்று முடிவு செய்தார். வாந்தி எடுக்க வைப்பதற்காகக் கிண்ணத்துத் தண்ணீரில் உப்பைக் கரைத்தார். மகனுக்குக் குழந்தையில் பாலூட்டிய பாலாடையைத் தேடி எடுத்தார். என் மடியிலிருந்த பூனையைப் பின்பக்கமாகப் பிடித்து இழுத்தார்.

பூனை அப்படி அலறி நான் கேட்டதில்லை. மாமியாரின் கையைக் கடித்துவிட்டுத் துள்ளி விழுந்தது. பாலாடை உருண்டு போனது. அவர் உள்ளங்கை முழுக்க ரத்தம் கலந்த சீழ், குடலைப் புரட்டுகிற நாற்றம். வால் தொடங்குகிற இடத்தில் முடிக்கு அடியில் இருந்த கட்டி அவர் பிடித்த பிடியில் உடைந்திருந்தது. நான் பதறிப்போய்ப் பூனையைத் தூக்கப் போனேன். அவரோ கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாத்துக்க. வந்துடுச்சி மருந்து.”

பூனையைத் தொட்டுப் பார்த்தபோதுதான் அந்தச் சூடு காய்ச்சல் என்று எனக்கு உறைத்தது. சங்கராபுரத்தில் மாட்டாஸ்பத்திரி இருந்தது. ஒயர் கூடையில் பழைய புடவையைப் போட்டு, பூனையை வைத்து, மேலே ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். என்னிடம் பூனையைத் தனியாக விட மாமியாருக்கு மனசில்லை. கடிபட்ட கையில் மஞ்சளைப் பற்றுப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

ரோட்டில் புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், “எங்கம்மா போறீங்க?” என்றார்.

“ஆஸ்பத்திரிக்கு” என்றேன்.

“கூடையில இன்னா?”

“பூன.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “வுடுங்கப்பா, அதுவும் ஆஸ்பத்திரி கேசுதான்” என்று ஒருவர் எழுந்து, கூடையை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார். மாமியாருக்கும் கை கொடுத்து ஏற்றி இறக்கினார். மாமியார் அவரிடம் மருந்து விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தார். நான் நடையைக் கூட்டினேன்.

டாக்டர் புண்ணைக் கழுவி ஊசி போட்டார். “வேற கடுவன் கடிச்சிருக்கும்மா. பல்லு உள்ள எறங்குச்சுன்னா மேல தோல் மூடிக்கும், உள்ள சீழ் கட்டிக்கும்” என்றார். மடியில் வந்து படுத்ததைச் சொன்னேன். “காச்சல்ல குளிருமில்ல, சூடு தேடி வந்திருக்கு. பூன வலிய வெளிய காட்டாது. திடீர்னு குணம் மாறுச்சுன்னா ஒடம்புலதான் என்னமோன்னு பாக்கணும்.”

அப்போது எனக்கு வந்த வருத்தம் பூனைக்காக மட்டும் இல்லை. இத்தனை நாளும் அது என்னைத் தேடி வரவில்லை, சூட்டைத் தேடி வந்திருக்கிறது. திரும்பி வரும் வழியில் மாமியார் ஒரே ஒரு தடவை பேசினார். “டாக்டருக்கு இன்னா தெரியும்?”

புண் ஆறியது. பூனை சாப்பிட ஆரம்பித்தது, முடியை நக்கியது, பரணுக்கு ஏறியது. என்னை மறுபடியும் வாடகைக்கு இருப்பவள் போலப் பார்த்தது. மடியைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தேன். கொட்டாவி விட்டது. மாமியாருக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மருந்து வெளியே வந்ததும் மயக்கம் தெளிந்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொன்னார்.

மறியல் ஓய்ந்து என் வீட்டுக்காரர் இளைத்துப்போய் மலையிலிருந்து இறங்கினார். வந்த கையோடு அவருக்கும் உப்புத் தண்ணீர் கொடுக்கப்பட்டது. காரணம் கேட்காமல் குடித்து வாந்தி எடுத்தார். பிறகு முழுக் கதையையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வாந்தி எடுத்த பிறகும் அவர் சிரித்தது மாமியாருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் எடுக்க வேண்டியதை எடுத்தாகிவிட்டது என்பதால், என்னை அனுப்புகிற பேச்சு அதோடு நின்றது. நான் ‘இந்தா’வாகவே அங்கே இருந்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து, பூனை செத்துப்போய் அதன் ஞாபகமும் மங்கிய பிறகு, ஒரு மத்தியானம். கூடத்தில் உட்கார்ந்து விதைக்கடலைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து மாமியார் மெதுவாக வந்தார். எதிரே வழக்கமான இடத்தில் உட்காராமல் என்னை ஒட்டி உட்கார்ந்தார். தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“சாப்ட்டியா கண்ணு?” என்றார்.

கை நின்றுவிட்டது. எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. ஒரு நிமிஷம் அப்படியே அதை வைத்துக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் என் கை அதுவாகவே அவர் கழுத்துக்குப் போயிற்று. கொதித்தது.

“எங்க அத்தே வலிக்குது?”

“ஒண்ணுமில்ல.”

புடவையை விலக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் கரும்பு வெட்டின கட்டை குத்தியிருந்தது. மேலே காய்ந்து, உள்ளே கணுக்கால் வரை வீங்கியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்திருக்கிறார். அவரைத் தாங்கிக்கொண்டு போய்ப் பஸ் ஏற்றினேன். கள்ளக்குறிச்சியில் பார்த்த டாக்டர், இன்னும் தாமதித்திருந்தால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். பஸ்ஸில் போகும்போதும், கட்டிலில் கிடந்தபோதும், மாமியார் என் கையை விடவில்லை.

குணமாகி வீட்டுக்கு வந்தவர், வாசல் பக்கம் தன் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். முதல் வாயிலேயே முகம் சுளித்தார்.

“இந்தா, கொழம்புல உப்பு ஜாஸ்தி.”

அப்பாடா என்று இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. குழம்பில் வெந்நீர் விடுவதற்காக உள்ளே போனேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னது சரிதான், பூனையும் மாமியாரும் இரண்டு பேருமே சூடு தேடித்தான் வந்திருப்பார்கள். ஆனால் அந்த இரண்டு நாளும் அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைத் தாண்டித்தான் என்னிடம் வந்தார்கள்.