டென்மார்க்கில் ஒரு பணியாரக் கல்

நேற்றுக் காலை பால்கனியில் இருந்த பருப்புக் குழம்பில் கரண்டியை விட்டேன். டங்கென்று சத்தம் கேட்டது. ஃபிரிட்ஜில் இடமில்லை என்று வெளியே வைத்த குழம்பு கல்லாகிக் கிடந்தது. குழந்தைகளே, இந்த ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால் வெளியே இருப்பதைவிட ஃபிரிட்ஜுக்குள்தான் கதகதப்பு. கோயமுத்தூரில் இருந்து படிக்கிற உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். என்னைப்போல் ஊரைவிட்டு வந்தவர்கள் தங்கள் வீட்டுச் சட்டியை நினைத்துக்கொள்வார்கள்.

நான் காரமடைக்காரன். பத்தாவது முடித்ததும் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டினேன். இப்போது டென்மார்க்கில் ஒரு சின்ன ஊரில் அதே லேத் வேலை. மனைவி கவிதா இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுக்குப் பெரும்பாலும் மாலை ஷிஃப்ட் என்பதால் குளிர்காலச் சமையல் என் கைக்கு வந்துவிட்டது. அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளு ரசம் என்று எனக்குத் தெரிந்ததை வைத்து ஓட்டுகிறேன்.

கோயமுத்தூரில் தெருவுக்கு ஒரு பேக்கரி உண்டு. பட்டறை விட்டால் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிடாமல் நான் ரூமுக்குப் போனதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலும் ஓவன் கிடையாது. இங்கே அப்படியே தலைகீழ். ஊருக்கே ஒரு பேக்கரிதான், ஓவன் இல்லாத வீடு இல்லை. டிசம்பரில் பள்ளி விடுகிற நேரத்துக்கே இருட்டிவிடும். அப்போது தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ரொட்டி வேகிற வாசம், அதில் ஏலக்காய் மணம். வால்பாறைப் பக்கம் விளைகிற சரக்கு இவர்கள் ரொட்டியில் வந்து மணக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

எங்கள் மகள் மித்துவுக்கு ஒன்பது வயது. வீட்டில் வாய் ஓயாது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் பூட்டுப் போட்டுக்கொள்வாள். வந்து ஒரு வருடமாகியும் வகுப்பில் ஒரு வாக்கியம் பேசியதில்லை. டீச்சர் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாளாம். இந்த டிசம்பரில் ஒருநாள் பையை வைத்ததும் என்னிடம் வந்தாள்.

“அப்பா, நான் ஒண்ணு சொல்லிப்போட்டனுங்க.”

“என்ன கண்ணு?”

“கிறிஸ்துமஸ் விழாவுக்கு யாரூட்ல ஏப்ளஸ்கீவர் சுட்டுத் தருவீங்கன்னு டீச்சர் கேட்டாங்க. எங்கப்பா சுடுவாருன்னு சொல்லிப்போட்டேன்.”

அந்தப் பலகாரத்தின் பெயர்கூட என் காதில் ஏறவில்லை. சொன்னாளே, அதுதான் ஏறியது. டேனிஷ் பாஷையில் அவள் வகுப்பில் பேசிய முதல் பேச்சு என்னை நம்பிப் பேசியது. நான் சொதப்பினால் பூட்டு மறுபடியும் விழும்.

ஏப்ளஸ்கீவர் என்பது மைதா, முட்டை, மோர், ஏலக்காய் சேர்த்துக் குழிச்சட்டியில் சுடுகிற உருண்டை. ஜாம் தொட்டுச் சாப்பிடுவார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. பார்வைக்கு நம் பணியாரமேதான். காரமடைத் தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய ஏழு குழி வார்ப்பிரும்புக் கல்லை, பெட்டியில் தன் சேலைகளைக் குறைத்துக்கொண்டு கவிதா சுமந்து வந்திருந்தாள்.

திருப்புவதற்கு இங்கே ஸ்வெட்டர் பின்னும் ஊசியைப் பயன்படுத்துவார்களாம். எதிர்வீட்டு பிர்கிட் அம்மாவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில் ஊசி கேட்டேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆண்பிள்ளை ஒருவன் பின்னக் கற்றுக்கொள்கிறானே என்று பூரித்துப்போய், ஊசியோடு ஒரு சிவப்பு நூல்கண்டையும் கொடுத்து, முதலில் மஃப்ளர் போடு என்றார். ஆசையாகத் தருகிறவரிடம் எப்படி வேண்டாம் என்பது? வாங்கிக்கொண்டு வந்தேன்.

“ஏனுங்க, பலகாரஞ் சுடறீங்களா, சொட்டர் போடறீங்களா?” என்றாள் கவிதா.

ஞாயிற்றுக்கிழமை, முகாம்களுக்குக் கொண்டுபோகிற சின்ன கேஸ் அடுப்பில் ஒத்திகை பார்த்தேன். குழி நிறைய மாவை ஊற்றி, மூடி போட்டு, வெந்ததும் ஒரே திருப்பு. பிறந்ததிலிருந்து பார்த்த முறை. மேலே கருகி, உள்ளே கொழகொழவென்று வந்தது. இரண்டாவது ஈடும் அப்படியே.

பக்கத்தில் நின்ற மித்து மெதுவாகச் சொன்னாள்: “மூடக்கூடாதுங்கப்பா. அடி வெந்ததும் கொஞ்சமாத் திருப்போணும். அப்பறம் இன்னுங் கொஞ்சம். உள்ளார இருக்கற மாவு ஒழுகி ஒழுகித்தான் உருண்டையாகும். போன வருசம் பள்ளிக்கூடத்துல சுட்டப்ப நின்னு பாத்தனுங்க.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன கண்ணு?”

“நீங்க கேக்கவே இல்லீங்களே.”

பேசாமல் இருந்த அந்த ஒரு வருடமும் அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவள் சொன்னபடி திருப்பினேன். பந்து மாதிரி வந்தது.

விழாவன்று பள்ளிச் சமையலறையில் கரண்டில் ஓடும் கண்ணாடி அடுப்பு. தட்டையான பாத்திரத்துக்கு உள்ளது. அதன்மேல், அடியில் குழிகள் புடைத்த என் கல் தொட்டில் போல ஆடியதே தவிரச் சூடேறவில்லை. வீட்டிலும் இதே கதைதான். அதனால் கேஸ் அடுப்பையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதை உள்ளே பற்றவைக்கக் கூடாது என்றார் டீச்சர். வெளியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை. கையை ஆட்டினேன். நான் கிளம்பப் போகிறேன் என்று நினைத்து அவர் எனக்கு வாசலைக் காட்டினார்.

அப்போது மித்து முன்னால் வந்தாள். டேனிஷில் பேசினாள். ஒரு வாக்கியம் இல்லை, மூச்சுவிடாமல் பேசினாள். முற்றத்தைக் காட்டினாள், கல்லின் அடியைத் தூக்கிக் காட்டினாள், என்னைக் காட்டினாள். வகுப்பே வாயைத் திறந்து அவளையே பார்த்தது. டீச்சர் என் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு, தானே அடுப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

பனியில் நின்று சுட்டேன். தள்ளாதீர்கள், வரிசையில் வாருங்கள் என்று மித்து எல்லோரையும் அதட்டினாள். அவள் அழைத்திருந்த பிர்கிட் அம்மா வந்து, மாவு ஒழுகும் ஊசியைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். டீச்சர் தட்டில் இன்னொன்று வைத்தேன். “நை தக்” என்றார். நம் பக்கம் முதலில் வேண்டாம் என்பது மரியாதைக்குத்தானே என்று மேலும் ஒன்று வைத்தேன்.

“அப்பா, இங்க வேண்டாம்னா வேண்டாந்தானுங்க,” என்றாள் மித்து. டீச்சர் அதற்குள் அதையும் தின்றுவிட்டார்.

மாவு தீர்ந்தது. கொதிக்கிற வார்ப்பிரும்பைப் பனியில் வைத்தால் விரிசல் விடும் என்பது லேத் ஓட்டுகிறவனுக்குத் தெரியும். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு படியோரப் பனியில் வைத்துவிட்டு, தட்டுகளைக் கழுவி முடித்து எடுத்துக்கொண்டு வந்தோம். கவிதாவின் தம்பியிடம் போனில் படம் காட்டினாள் மித்து. “அட, நம்ம பணியாரம் கண்ணு,” என்றான் அவன். “ஆமாங்க மாமா,” என்றாள். பள்ளியில் எல்லோரும் இது எங்கள் ஏப்ளஸ்கீவர் என்று சொன்னபோதும் அவள் ஆமாம் என்றுதான் சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை அவளைப் பள்ளியில் விடப் போனேன். படியோரம் காரமடைக் கல் உட்கார்ந்த இடத்தில் ஏழு குழிகள் அச்சாக அப்படியே இருந்தன. இரவு விழுந்த புதுப்பனி அவற்றில் நாம் மாவு ஊற்றுகிற அளவுக்கு நிரம்பியிருந்தது. மித்து குனிந்து பார்த்தாள். அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போய், தோழி ஒருத்தியைச் சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினாள்.